அழித்தாலும் அழியாத ஏடு

தாலுகா அலுவலகத்திலோ மின்வாரிய அலுவலகத்திலோ நாடாவால் கட்டி அடுக்கியிருக்கும் கோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைக் கவனிக்கலாம். உதவியாளர் ஒரு குறிப்பு எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் இடுகிறார். கண்காணிப்பாளர் அதன் கீழே தம் கருத்தை எழுதுகிறார். அதிகாரி அதற்கும் கீழே தம் முடிவை எழுதுகிறார். முன்னவர் எழுதியது தவறு என்று பின்னவர் கருதினாலும் அதை அழிப்பதில்லை. கீழே மறுத்து எழுதுவதோடு சரி. கணக்குப் பதிவேட்டிலும் இதே வழக்கந்தான். தவறான தொகையை பிளேடால் சுரண்டக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியான தொகையை மேலே எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். நிலப் பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால், அதையும் குறிப்பிட்டுக் கையொப்பம் இடுவார்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்காக? முடிவு மட்டும் தெரிந்தால் போதாது, அது எப்படி வந்தது, எவர் கை பட்டது என்பதும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கணிப்பொறி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது இந்த வழக்கம் ஏறத்தாழ மறைந்து போயிற்று. அங்கேயும் 'ஃபைல்' என்ற பெயர்தான். ஆனால் நாடா கட்டிய கோப்புக்கும் அதற்கும் குணத்தில் ஒற்றுமை இல்லை. கணிப்பொறியில் சேமித்து வைத்த ஒரு கடிதத்தைத் திறந்து, இரண்டு வரிகளை நீக்கி, மறுபடியும் சேமித்தால், பழைய கடிதம் போனது போனதுதான். இந்த மறதிக்கு அஞ்சியே ஒரே அறிக்கையை 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று பல பெயர்களில் சேமித்து, பென் டிரைவில் ஏற்றி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். எது உண்மையான இறுதி என்பது அதைச் சேமித்தவருக்கே மறந்துவிடும்.

இன்று பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கூகுள் டாக்ஸ், கூகுள் ஷீட்ஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோகோ ரைட்டர் போன்ற மேகக் கணிமை மென்பொருள்கள் பழக்கத்துக்கு வந்துவிட்டன. இவற்றை நாள்தோறும் பயன்படுத்துவோரிற் பலர், 'இணையத்தில் சேமித்துக்கொள்ளும் வசதி' என்ற அளவில் மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அதிகம் பேர் அறியாத ஒரு தன்மை இவற்றுக்கு உண்டு. இவை பக்கத்தைச் சேமிப்பதைவிடப் பக்கத்தில் நிகழும் மாற்றங்களைச் சேமிப்பதிலேயே குறியாக இருக்கின்றன. பழைய நாடாக் கோப்பின் குணம் இவற்றில் திரும்பி வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், மெனுக்களுக்குள் ஒளிந்து கிடக்கும் பல வசதிகள் தாமே விளங்கும். சில ஆபத்துகளும் விளங்கும்.

குறிப்பேடும் பேரேடும்

முதலில் 'மேகம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மேகம் வானத்தில் இல்லை. நீங்கள் தட்டச்சு செய்யும் எழுத்துகள், எங்கோ ஓரிடத்தில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட, சர்வர் எனப்படும் மையக் கணிப்பொறிகளுக்குச் செல்கின்றன. கூகுள் நிறுவனம் தானே பெரிய அளவில் கட்டிய முதல் மையங்களில் ஒன்று, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள த டேல்ஸ் என்னும் சிற்றூரில் 2006ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஆற்றுநீரிலிருந்து எடுக்கும் மின்சாரம் அங்கே கிடைப்பது அதற்கு ஒரு காரணம். ஆக, மேகம் என்பது மின்சாரம் தின்னும் ஒரு பெரிய கொட்டகை, அவ்வளவே.

அந்தக் கொட்டகையில் உங்கள் ஆவணம் எந்த வடிவத்தில் இருக்கிறது?

வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு விடை எளிதில் பிடிபடும். கணக்கியலில் குறிப்பேடு உண்டு, பேரேடு உண்டு. குறிப்பேட்டில் ஒவ்வொரு நடவடிக்கையும் நிகழ்ந்த வரிசைப்படி, தேதியுடன் பதிவாகும். பேரேட்டில் கணக்குவாரியாகத் தொகுத்து இருப்பு காட்டப்படும். பேரேடு கிழிந்து போனாலும் குறிப்பேடு இருந்தால் அதை மறுபடியும் எழுதிவிடலாம். குறிப்பேடு தொலைந்து பேரேட்டின் கடைசி இருப்பு மட்டும் கையில் இருந்தால், அந்த இருப்பு எப்படி வந்தது என்று சொல்ல முடியாது.

உங்கள் திரையில் தெரியும் ஆவணம் பேரேட்டு இருப்பைப் போன்றது. மையக் கணிப்பொறியில் அதற்குப் பின்னால் ஒரு குறிப்பேடு இருக்கிறது. 'இன்னார், இத்தனை மணிக்கு, இத்தனையாவது இடத்தில், இந்த எழுத்தைச் சேர்த்தார்', 'இன்னார் அந்த இடத்திலிருந்து மூன்று எழுத்துகளை நீக்கினார்' என்று வரிசையாகப் பதிவுகள். அழித்தல்கூட அங்கே ஒரு பதிவுதான். அதாவது, அழிப்பதும் ஒரு வகையில் எழுதுவதே. ஒரு கூகுள் ஆவணம் எழுதப்பட்ட கதையை, ஒவ்வோர் எழுத்தாக, திரைப்படம் போல மீண்டும் ஓட்டிக் காட்டும் துணைக்கருவிகள்கூட உண்டு. மாணவர் கட்டுரையைத் தாமே யோசித்து எழுதினாரா, எங்கிருந்தோ எடுத்து ஒட்டினாரா என்று பார்க்கச் சில ஆசிரியர்கள் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஏற்பாடு வரலாற்றுப் பற்றினால் பிறந்ததன்று. ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்தது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

இரண்டு கைகள், ஒரே பக்கம்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியல் அறிஞர் ஒரு செயல்விளக்கம் காட்டினார். 'மவுஸ்' என்னும் சுட்டுக்கருவி அன்றுதான் பலர் கண்ணில் முதன்முதலாகப் பட்டது. அதே மேடையில் அவர் இன்னொன்றும் காட்டினார்: சுமார் 48 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்த சக ஆய்வாளரும் அவரும் ஒரே எழுத்துப் பக்கத்தைத் தத்தம் திரையில் பார்த்தபடி பேசிக்கொண்டார்கள்.

பார்ப்பது எளிது. இருவரும் ஒரே கணத்தில் திருத்தினால் என்ன ஆகும்? சிக்கல் அங்கேதான். ஒரு சிறிய கணக்கின் மூலம் இதைப் பார்ப்போம். ஒரு தாளில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

திரையில் 2468 என்ற எண் இருக்கிறது. சென்னையில் இருக்கும் கமலா இரண்டாவது இடத்தில் 3 என்ற இலக்கத்தைச் சேர்க்கிறார். அவர் திரையில் 23468 என்று ஆகிறது. அதே நொடியில் மதுரையில் இருக்கும் ரகு நான்காவது இடத்தில் உள்ள 8ஐ நீக்குகிறார். அவர் திரையில் 246 என்று ஆகிறது. இனி ஒருவர் செய்தது மற்றவருக்குப் போய்ச் சேர வேண்டும். கமலாவின் கணிப்பொறிக்கு 'நான்காவது இடத்தில் உள்ளதை நீக்கு' என்ற கட்டளை வருகிறது. அங்கே இப்போது நான்காவது இடத்தில் இருப்பது 6. அதை நீக்கினால் 2348. ரகுவின் கணிப்பொறிக்கு 'இரண்டாவது இடத்தில் 3ஐச் சேர்' என்ற கட்டளை வருகிறது. அங்கே கிடைப்பது 2346. இருவரும் ஒரே ஆவணத்தைப் பார்ப்பதாக நம்புகிறார்கள். ஆனால் எண்கள் வேறு. இது ஒரு சம்பளப் பட்டியலாக இருந்தால் விளைவை நினைத்துப் பாருங்கள்!

தீர்வு என்ன? ரகுவின் கட்டளை கமலாவிடம் வரும்போது அதை அப்படியே நிறைவேற்றக் கூடாது. 'எனக்கு முன்னால் ஓர் இலக்கம் புதிதாக நுழைந்திருக்கிறது, ஆகவே நான்காவது என்பது இப்போது ஐந்தாவது' என்று கட்டளையைத் திருத்திக்கொண்டு, பிறகு நிறைவேற்ற வேண்டும். அப்போது அங்கேயும் 2346 கிடைக்கும். இந்த முறையைச் 'செயல் உருமாற்றம்' எனலாம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருந்த எம்.சி.சி. என்னும் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் ஆகிய இருவரும் 1989ஆம் ஆண்டு இதை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இருவருக்கு மேல் எழுதும்போதும், கட்டளைகள் முன்பின்னாக வந்து சேரும்போதும் சில வேளைகளில் அந்த முதல் முறை தவறிவிடுவது பின்னர் தெரிய வந்தது. 1995இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஜூபிடர் என்னும் அமைப்பு, நடுவில் ஒரு மையக் கணிப்பொறியை வைத்து வரிசையைத் தீர்மானித்ததால் சிக்கல் பெரிதும் எளிதாயிற்று.

எல்லிஸைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சிகாகோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினச் சிறுவன் அவர். பதினைந்து வயதில் ஒரு நிறுவனத்தில் இரவுக் காவல் வேலை. காவல் காக்க வேண்டிய பொருள்களில் ஒரு கணிப்பொறியும் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்பது கட்டளை. கையேடுகளைப் படிக்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. இரவெல்லாம் படித்தார். 1969இல் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார்.

2005ஆம் ஆண்டு 'ரைட்லி' என்ற பெயரில் இணைய உலாவிக்குள்ளேயே இயங்கும் ஒரு சொற்செயலி அமெரிக்காவில் வெளிவந்தது. அதே ஆண்டில் சென்னையில் வேரூன்றிய ஸோகோ நிறுவனம், அன்று அட்வெண்ட்நெட் என்ற பெயரில் இருந்தது, ஸோகோ ரைட்டரை வெளியிட்டது. ரைட்லியை 2006 மார்ச்சில் கூகுள் வாங்கிற்று. அதுவே கூகுள் டாக்ஸின் வித்து. தொடக்கத்தில் அது ஆவணத்தின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைச் சேர்க்கும் முறையைத்தான் கையாண்டது. 2010 ஏப்ரலில் கூகுள் அந்த மென்பொருளைப் புதிதாக எழுதிச் செயல் உருமாற்ற முறைக்கு மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு சிறு மாற்றமும் வரிசை எண்ணுடன் மையக் குறிப்பேட்டில் ஏறுகிறது. சண்டையில்லாமல் பலர் எழுதுவதற்காக வைத்த குறிப்பேடு, வரலாற்றுப் பதிவேடாகவும் பயன்படலாயிற்று.

தமிழில் எழுதும்போது இடங்களை எண்ணுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 'பத்து' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடு முறையில் கணிப்பொறிக்கு அவை ஐந்து: ப, த, புள்ளி, த, உகரக் குறி. ஆகவே நாம் ஒரே எழுத்து எனக் கருதும் 'து' வை அடித்தாலும் குறிப்பேட்டில் இரண்டு குறிகள் ஏறுகின்றன.

கூகுள் டாக்ஸில் பலர் சேர்ந்து எழுதும்போது, 'கன்ட்ரோல்-இஸட்' விசையை அழுத்தினால் ஆவணத்தில் கடைசியாக நடந்த மாற்றம் நீங்குவதில்லை. நீங்கள் கடைசியாகச் செய்த மாற்றமே நீங்கும். குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் உரியவர் யார் என்பது எழுதியிருப்பதால்தான் இப்படிப் பிரித்தெடுக்க முடிகிறது.

மதிப்பெண் பட்டியல் கலைந்தபோது

இந்தக் குறிப்பேடு நமக்கு எப்படி உதவும்? ஒரு மேல்நிலைப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். நாற்பது மாணவர்களின் ஆண்டுத் தேர்வு மதிப்பெண்களை ஐந்து ஆசிரியர்கள் ஒரே கூகுள் விரிதாளில் பதிகிறார்கள். கணித ஆசிரியர், தம் பாடத்தில் யார் முதல் என்று பார்க்க, கணித மதிப்பெண் உள்ள பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து இறங்குவரிசையில் அடுக்கிவிடுகிறார். பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மதிப்பெண்கள் மட்டும் நகர்ந்துவிடுகின்றன. பட்டியலின் முதலில் உள்ள அகிலனுக்கு வகுப்பின் முதல் மதிப்பெண். கடைசியில் உள்ள யமுனா தோல்வி. பட்டியலைப் பார்த்தால் கலைந்ததாகவே தோன்றாது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன, கூட்டுத்தொகையும் மாறவில்லை. மூன்று நாள் கழித்து யமுனாவின் வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்கும்போதுதான் விஷயம் வெளிவருகிறது.

மேலே உள்ள 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி', தமிழில் பதிப்பு வரலாறு, என்றொரு பகுதி இருக்கிறது. திறந்தால் வலப்புறத்தில் தேதியும் நேரமும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொருவர் செய்த மாற்றமும் ஒவ்வொரு நிறத்தில் காட்டப்படும். மூன்று நாளுக்கு முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து 'மீட்டமை' என்று சொல்லிவிடலாம். ஆனால் பொறுங்கள். இந்த மூன்று நாளில் மற்ற நான்கு ஆசிரியர்களும் பதிந்தவை, மீட்டமைத்தவுடன் திரையிலிருந்து மறைந்துவிடும். இங்கே வேண்டியது வேறு: பழைய பதிப்பைத் தனி நகலாக எடுத்து, அதிலிருந்து கணிதப் பத்தியை மட்டும் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். நகல் எடுக்கும் வசதி அந்தந்தப் பதிப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் இருக்கிறது. அவசரத்தில் மீட்டமைத்தே விட்டீர்களா? கவலை வேண்டாம். மீட்டமைத்தலும் குறிப்பேட்டில் மற்றொரு பதிவே. அதற்கு முந்தைய நிலைக்கும் திரும்பலாம்.

இந்த விபத்து நேராமலே தடுக்கவும் வழி உண்டு. விரிதாளில் 'ஃபில்டர் வியூ' என்னும் பார்வை வசதி இருக்கிறது. அதற்குள் சென்று எப்படி வேண்டுமானாலும் வடிகட்டலாம், அடுக்கலாம். உங்கள் திரையில் மட்டுமே வரிசை மாறும், மற்றவர்களுக்கு முன்பிருந்தபடியே தெரியும். மைக்ரோசாஃப்ட் எக்ஸெலின் இணையப் பதிப்பில் 'ஷீட் வியூ' என்ற பெயரில் இதை ஒத்த வசதி உண்டு. பலர் சேர்ந்து உழைக்கும் விரிதாளில் இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை என்பது என் கருத்து. இதைவிடக் குறைவாகப் பயன்படுவதும் வேறில்லை.

அடுத்து, ஒரே ஒரு கட்டத்தில் ஐயம் வந்தால்? தமிழ்ப் பாடத்தில் 47 என்று இருந்தது 74 ஆகியிருக்கிறது, எவர் மாற்றினார்? முழு வரலாற்றையும் புரட்ட வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கட்டத்தின் மாற்றங்கள் மட்டும், மாற்றியவர் பெயருடனும் நேரத்துடனும் வரும். 2019இல் சேர்ந்த வசதி இது. சூத்திரத்தின் விளைவாகத் தானே மாறிய மதிப்புகளையும், வரிசைகள் சேர்க்கப்பட்டதையும் நீக்கப்பட்டதையும் அது காட்டாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எக்ஸெலிலும் 'ஷோ சேஞ்சஸ்' என்ற பெயரில் இத்தகைய பட்டியல் உண்டு. அது கடைசி 60 நாட்களுக்கு உட்பட்டதையே காட்டும்.

ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடப் பத்தியை மட்டுமே மாற்றலாம் என்று வரம்பு கட்டவும் முடியும். ஆனால் இதை ரகசியப் பூட்டு என்று கருதிவிடாதீர்கள். கை தவறி மாற்றுவதைத்தான் அது தடுக்கும். பார்ப்பதையும் நகல் எடுப்பதையும் தடுக்காது.

கடிதங்களும் சுற்றறிக்கைகளும் எழுதும்போது 'சஜெஸ்டிங்' எனப்படும் பரிந்துரை நிலையைப் பழகிக்கொள்வது நல்லது. 2014இல் கூகுள் டாக்ஸில் சேர்ந்த இந்த நிலையில், நீங்கள் நீக்கும் சொல் மறையாது; அதன்மேல் ஒரு கோடு விழும். சேர்க்கும் சொல் வேறு நிறத்தில் நிற்கும், ஓரத்தில் உங்கள் பெயர். பொறுப்பில் உள்ளவர் ஏற்கலாம், தள்ளலாம். ஒற்றைக் கோட்டால் அடித்துச் சுருக்கொப்பமிடும் அந்தப் பழைய எழுத்தரை இங்கே மறுபடியும் சந்திக்கிறோம்.

முக்கியமான கட்டத்தில் பதிப்புக்குப் பெயர் சூட்டி வைப்பதும் நன்று. 'தலைமையாசிரியர் ஒப்புதல் அளித்தது' என்று ஒரு பெயர் கொடுத்துவிட்டால், நூறு பதிப்புகளுக்கு நடுவிலும் அது உடனே கண்ணில் படும். நாள் செல்லச் செல்ல, இடத்தை மிச்சப்படுத்த, அடுத்தடுத்த சிறு பதிப்புகளை மென்பொருள் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடும் என்பதால் இது இன்னும் தேவையாகிறது. மேலும், பி.டி.எஃப்., புகைப்படம் போன்று வெளியிலிருந்து ஏற்றி வைக்கும் கோப்புகளுக்கு இந்த நீண்ட நினைவாற்றல் கிடையாது. அவற்றின் பழைய பதிப்புகள், நிலையாக வைக்கும்படி குறித்தாலன்றி, 30 நாட்களிலோ 100 பதிப்புகளைத் தாண்டியபோதோ நீக்கப்படலாம்.

இந்த வரிசையில் சேராத ஒன்றையும், தமிழருக்கு உதவும் என்பதற்காக, இங்கே சொல்லிவிடுகிறேன். அச்சிட்ட பக்கத்தின் புகைப்படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதைக் கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால், படத்தில் உள்ள எழுத்துகளை அது படித்து, திருத்தக்கூடிய எழுத்தாக்கித் தரும், தமிழையும் படிக்கும். தமிழ் விக்கிமூலத் தளத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை எழுத்துருவாக்கிய தன்னார்வலர்கள் இந்த ஆற்றலைத்தான் பெருமளவு பயன்படுத்தினார்கள். பிழை இருக்கும், மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும்.

மறவாமையின் மறுபக்கம்

எதையும் மறக்காத நண்பன் நல்லவன்தான். ஆனால் அவனிடம் எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

2004ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவில் எஸ்.ஸி.ஓ. என்னும் மென்பொருள் நிறுவனம் டைம்லர்கிரைஸ்லர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு மனுவின் வேர்டு வடிவம் செய்தியாளர் கையில் கிடைத்தது. மேற்பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோப்புக்குள் மறைந்திருந்த திருத்தக் குறிப்புகளைத் திறந்தபோது, அந்த மனு முதலில் பேங்க் ஆஃப் அமெரிக்கா என்னும் வங்கியை எதிர்த்து எழுதப்பட்டது என்பது அம்பலமாயிற்று! அழித்த பெயர் அழியாமல் உள்ளே இருந்தது. இது மேகக் கணிமைக்கு முந்தைய கதை. அன்று திருத்தப் பதிவை யாராவது இயக்கி வைத்திருந்தால்தான் இப்படி நேரும். இன்று அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கூகுள் ஆவணத்தில் திருத்தும் உரிமை பெற்றவர் எவரும் அதன் பழைய பதிப்புகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஒப்பந்தப்புள்ளி ஒன்றில் முதலில் 8 லட்சம் ரூபாய் என்று எழுதி, பிறகு யோசித்து 10 லட்சம் என்று மாற்றி, எதிர்த்தரப்புக்கு அந்த ஆவணத்தையே திருத்தும் உரிமையோடு அனுப்பினால், நீங்கள் எந்த அளவுக்கு இறங்கி வருவீர்கள் என்பதையும் சேர்த்தே அனுப்பியதாகும். ஓர் ஊழியரைப் பற்றிக் கோபத்தில் எழுதி நீக்கிய வரியும் அப்படியே. இதற்குப் பரிகாரம் எளிது. வெளியாருக்கு அனுப்புமுன் 'மேக் எ காப்பி' என்ற கட்டளையால் நகல் எடுத்து, அந்த நகலை அனுப்புங்கள். நகலுக்குப் புதிய குறிப்பேடு தொடங்கும். பழைய வரலாறு அதனுடன் செல்லாது. பி.டி.எஃப். ஆக்கி அனுப்புவதும் நல்லதே.

இன்னொரு பக்கமும் உண்டு. யார் எத்தனை மணிக்கு எதை மாற்றினார் என்ற பதிவு, செய்யாத தவறுக்குப் பழி சுமந்த ஒரு கீழ்நிலை ஊழியரைக் காப்பாற்றும் சாட்சியாகலாம். அதே பதிவைக் கொண்டு, காலை 10.20 முதல் 10.50 வரை ஏன் ஓர் எழுத்தும் அடிக்கவில்லை என்று கேட்கும் மேலாளரும் இருக்கலாம். நாடாக் கோப்பு, எழுதியவரின் கருத்தையும் நாளையும்தான் காட்டியது. அவர் தயங்கிய நிமிடங்களைக் காட்டியதில்லை. இந்த அளவுக்கு நுணுக்கமான பதிவை ஆளை அளக்கப் பயன்படுத்துவது முறையன்று என்றே நான் நினைக்கிறேன். எழுத்து வேலையில் யோசிக்கும் நேரமும் வேலை நேரந்தான்.

இனி எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. குறிப்பேடு எவ்வளவு நல்லதாயினும் அது யார் பெயரில் இருக்கிறது? பல சிறு சங்கங்களிலும் கடைகளிலும் பள்ளிகளிலும், கணிப்பொறி தெரிந்த ஒருவர் தம் சொந்த மின்னஞ்சல் கணக்கில் ஆவணங்களைத் தொடங்கி மற்றவர்களுக்குப் பகிர்ந்திருப்பார். மற்றவர்கள் நாள்தோறும் எழுதினாலும் ஆவணம் அவருடையதே. அவர் அதைக் குப்பைக் கூடையில் போட்டால், 2020 அக்டோபர் முதல் உள்ள விதிப்படி, 30 நாட்களில் அது தானாகவே நீங்கிவிடும். அவர் தம் கணக்கையே மூடிவிட்டால் ஆவணங்களும் அதனுடன் போகும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து செயற்படுத்தத் தொடங்கிற்று. எல்லா மாற்றங்களையும் நினைவில் வைத்திருந்த ஏடு, அப்போது ஏடாகவே இராது.

நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்குகளில் 'ஷேர்டு டிரைவ்' என்னும் பொது அறை உண்டு. அதில் வைக்கும் ஆவணங்கள் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமாகா, நிறுவனத்துக்கே உரியவை. ஆள் மாறினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த வசதி இல்லாத சிறு சங்கங்கள் செய்யக்கூடியது இது: சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அதன் கடவுச்சொல்லைப் பொறுப்பாளர்கள் பாதுகாப்பாக வைத்துக்கொண்டு, இப்போதைய உரிமையாளர் பணியில் இருக்கும்போதே ஆவணங்களை அந்தக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பகிர்வுப் பெட்டியைத் திறந்து, சங்கக் கணக்கின் பெயருக்கு எதிரே உள்ள பட்டியலில் உரிமை மாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனிநபர் கணக்குகளில், பெறுபவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகே மாற்றம் நிறைவேறும். ஆகையால் அழைப்பு வந்ததா, ஏற்கப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நகல் எடுப்பதுபோல் அன்று இது. ஆவணம் அதுவேயாதலால், முதல் நாளிலிருந்து எழுதப்பட்ட வரலாறும் அதனுடனேயே செல்லும்.